தட்டி அளந்த மாவு

"இருநூத்தி எழுபத்திரண்டு," என்றாள் நர்ஸ். "நேத்து?"

"இருநூத்தி அறுபது."

"அதுக்கு முந்தின நாள்?"

"நோட்டுல எழுதியிருக்கேன் சிஸ்டர்."

"எழுதியிருக்கறது எனக்கும் தெரியுது. உங்க வாயால சொல்லிப் பாருங்க, அப்பத்தான் உறைக்கும்."

அம்மா நோட்டைப் புரட்டினாள். பக்கத்து நாற்காலியில் கால் தரையைத் தொடாமல் உட்கார்ந்திருந்த மகள்தான் சொன்னாள்.

"இருநூத்தி ஐம்பத்தெட்டு. அன்னைக்கு எனக்குத் தாகம் தாகமா எடுத்துச்சு. ஆறு தடவை பாத்ரூம் போனேன். டீச்சர் திட்டினாங்க."

ஒன்பது வயது. மெலிந்த உடம்பு, அதைவிட மெலிந்த குரல், காதருகே வந்து ஓயாமல் பேசுகிற பழக்கம். வீட்டில் கொசு என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது ஆஸ்பத்திரியிலும் அதே பெயர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து அம்மாதான் அவளுக்கு ஊசி போடுகிறாள். சாப்பாட்டில் மாவுச்சத்து எத்தனை கிராம் என்று முதலில் கணக்குப் போட வேண்டும். பத்து கிராமுக்கு ஒரு யூனிட் மருந்து. கணக்கு சரியாக இருந்தால் சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்கும். ஏறக்குறைய அத்தனை காலமும் கேட்டது. இந்த மூன்று வாரமாகக் கேட்கவில்லை.

"கண்ணு, இங்கே பாரு. ஸ்கூல்ல யாராவது மிட்டாய் குடுக்கறாங்களா?"

"இல்லை."

"பர்த்டே கேக்?"

"ஒரு வாய்கூட சாப்பிடலை. மோந்து மட்டும் பாத்தேன். மோந்து பாத்தா ஏறுமா சிஸ்டர்?"

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கு வரவில்லை.

"மோந்து பாத்தா ஏறாது. ஏதோ வாய் வழியாத்தான் போகுது. வீட்டுச் சாப்பாடு எப்படிம்மா?"

"எல்லாம் கணக்குப்படிதான் சிஸ்டர். கடை ரொட்டியை நிறுத்திட்டேன். நீங்க குடுத்த தாளைப் பாத்து முழுக்கோதுமையில நானே ரொட்டி போடறேன். மூணு கப் மாவு, பன்னிரண்டு துண்டு. காலையில ரெண்டு, ஸ்கூல் விட்டு வந்ததும் ரெண்டு."

"ரொம்ப நல்லது. அதை மட்டும் விட்டுடாதீங்க. கடை ரொட்டிக்கு இது எவ்வளவோ மேல்."

"மருந்தைக் கொஞ்சம் கூட்டித் தரக் கூடாதா?"

"திருட்டுத் தீனிக்கு மருந்தைக் கூட்ட முடியாதும்மா. கூட்டி வச்சு, ஒரு நாள் அவ திருடித் தின்னாம இருந்தா? சர்க்கரை சர்ருனு இறங்கி வகுப்புலயே மயங்கி விழுவா. முதல்ல என்ன தின்னுறான்னு கண்டுபிடிங்க."

"நான் திருடலை," என்றது கொசு.

நர்ஸ் அவள் கன்னத்தைத் தட்டினாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வீட்டில் அத்தை இருந்தாள். அப்பாவின் அக்கா. அப்பா லாரி ஓட்டுகிறவர், பத்து நாளைக்கு ஒரு முறை வந்து துணி மாற்றிக்கொண்டு போகிறவர். அதனால் வீட்டில் ஆள் துணையாக இருக்கட்டும் என்று வந்த அத்தை, துணையாகவே தங்கிவிட்டாள்.

"என்ன சொன்னாங்க?"

"என்னத்தைச் சொல்வாங்க அண்ணி. திருடித் திங்கறாளாம்."

"எங்க வீட்டு வழியில அந்தப் பழக்கம் யாருக்கும் கிடையாது."

"அப்ப எங்க வீட்டு வழியில வந்துச்சா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"சொல்லாம சொல்றீங்க."

"சரி, நான் ஒண்ணும் சொல்லலை. என் பிஸ்கட் டப்பாவை அலமாரியில வச்சுப் பூட்டு. சாவியை நீயே வச்சுக்கோ. எனக்கு வேணும்னா உன்கிட்ட வந்து பிச்சை கேட்டு வாங்கித் தின்னுக்கறேன்."

பூட்டினார்கள். மறுநாள் இருநூற்று அறுபத்தைந்து.

மூன்று நாளைக்கு ஒரு முறை ரொட்டி. அடுப்பு மேடையில் மாவு டின், பக்கத்தில் உப்பு, ஈஸ்ட், சுவரில் ஒட்டிய ஆஸ்பத்திரித் தாள். அதில் பழத்துக்கு, பாலுக்கு, எல்லாவற்றுக்கும் வரிசையாகக் கணக்கு இருந்தது. முழுக்கோதுமை மாவு, ஒரு கப், நூற்றிருபது கிராம். அதில் மாவுச்சத்து எண்பத்தாறு. மூன்று கப்புக்குக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் துண்டுக்கு இருபத்திரண்டுக்குச் சற்றுக் குறைவு. அம்மா அதை இருபத்திரண்டு என்றே வைத்துக்கொண்டாள்.

கப்பை டின்னுக்குள் அமுக்கி அள்ளினாள். மேடையில் வைத்து டக், டக், டக் என்று மூன்று தட்டு. மாவு இறங்கி விளிம்பில் இடம் விட்டது. அந்த இடத்தை நிரப்பி, கத்தியின் முதுகால் வழித்து, பாத்திரத்தில் கொட்டினாள்.

ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த கொசு கேட்டாள்.

"எதுக்கும்மா தட்டறே?"

"மாவு உள்ளே உக்காரட்டும்னு."

"நின்னுட்டே இருந்தா என்ன?"

"நின்னுட்டே இருந்தா உனக்குக் குறைஞ்சு போயிடும். கல்யாணத்துக்கு முன்னாடி மளிகைக் கடையில வேலை செஞ்சேன்ல, அப்ப சில்லறையா வாங்க வர்றவங்களுக்கு கப்புல அளந்துதான் போடுவோம். தட்டாம, பஞ்சு மாதிரி போடணும். கடைக்கார அண்ணன் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டுப் பாத்துட்டு இருப்பாரு. ஊராருக்கு அப்படி அளந்தேன். நான் பெத்த பொண்ணுக்கு அப்படி அளக்க மனசு வருமா?"

"ஆனா ரொட்டி செங்கல் மாதிரி இருக்கேம்மா."

"முழுக்கோதுமைன்னா அப்படித்தான் இருக்கும். பேசாம தின்னு."

தண்ணீரும் தாளில் சொன்ன அளவு போதவில்லை. ஒவ்வொரு முறையும் இரண்டு கை கூடவே குடித்தது மாவு. மாவு புதுசு, அதனால் குடிக்கிறது என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

நான்காம் வாரம் பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்தபோது பளபளவென்று ஒரு சாக்லேட் தாள் விழுந்தது.

"இது என்ன?"

"தாள்."

"தாள்னு தெரியுது. உள்ளே இருந்தது எங்கே?"

"எனக்குக் குடுக்கும்போதே காலிம்மா. ரெட்டை ஜடை குடுத்தா. புத்தகத்துல அடையாளத்துக்கு வைக்க."

ரெட்டை ஜடை பக்கத்துத் தெருப் பெண். ஒன்றாம் வகுப்பிலிருந்து கொசுவுக்கு ஒரே பெஞ்சு.

"அவ தின்னா, உனக்குத் தாளு. அவ்வளவுதானே?"

"ஆமாம்மா."

"கொசு, என் மூஞ்சியைப் பாரு."

"பாத்துட்டுத்தானே இருக்கேன்."

அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். "சொல்லிடுடி தங்கம். சொல்லிட்டா ஒண்ணும் பண்ண மாட்டோம்."

"நான் தின்னலை அத்தை."

"சொல்லாம இருந்தாத்தான் கோபம் வரும். சொல்லிட்டா விட்டுடுவோம்."

"இல்லாததை எப்படிச் சொல்றது?"

"பாரு, வாயைப் பாரு."

நான்கரை மணிக்குத் தொடங்கியது. ஐந்தரை ஆனது. வீட்டுப்பாடம் எடுக்கவில்லை. வெளியே பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா ஒரு கட்டத்தில் அழுதாள். "கண்ணு போயிடும்டி. கிட்னி போயிடும்டி. நான் யாருக்காக இப்படி அளந்து அளந்து சாகறேன்?" என்றாள். கொசு அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு மேஜையில் விரலால் ஏதோ கோடு போட்டாள்.

"ஆமா."

"என்ன ஆமா?"

"தின்னேன்."

"எத்தனை?"

கொசு நிமிர்ந்து பார்த்தாள். "ஒண்ணு?"

"ஒண்ணுக்கு இவ்வளவு ஏறாது."

"ரெண்டு."

"ரெண்டுதானா?"

"நாலு," என்றாள் கொசு. ஏலம் நாலில் முடிந்தது. அம்மா அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். தலையைக் கோதினாள். அத்தைகூட, "என் ராசாத்தி, இதை முதல்லயே சொல்லியிருந்தா?" என்று கன்னத்தை வழித்துச் சொடுக்கினாள். அன்றைக்குக் கதை சொல்லித் தூங்க வைத்தார்கள்.

மறுநாள் அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கேட்டதும், ரெட்டை ஜடைதான் தினம் கொடுக்கிறாள் என்றாள் கொசு. ரெட்டை ஜடையை எழுப்பிக் கடைசி பெஞ்சுக்கு மாற்றினார்கள். அந்தப் பெண் போகும்போது கொசுவைப் பார்த்த பார்வையைக் கொசு யாரிடமும் சொல்லவில்லை.

சர்க்கரை இறங்கவில்லை. ஆனால் அதன் பிறகு விசாரணைக்கு நேரம் ஆகவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தம், மீட்டர் பீப் என்று கத்தும்.

"இருநூத்தி அறுபது."

"மூணு சாக்லேட்."

"யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கலை. கீழே கிடந்துச்சு."

"கீழே கிடந்ததையா தின்னே? உனக்கு அறிவு இருக்கா?"

"இல்லைம்மா."

அறிவு இல்லை என்றாளா, தின்னவில்லை என்றாளா என்று அம்மா நின்று கேட்கவில்லை. நோட்டில் எழுதினாள்: 260, சாக்லேட் மூன்று.

மாவு மூட்டை தீர்ந்தது. ஐந்து கிலோ மூட்டை. அம்மா ரொட்டி போட்ட நாட்களைக் காலண்டரில் புள்ளி வைத்திருந்தாள். பதினொரு புள்ளி. பன்னிரண்டாவது ரொட்டிக்கு அள்ளும்போது டின்னில் கையளவு மாவுதான் மிச்சம். ஒரு கப் நூற்றிருபது, மூன்று கப் முந்நூற்றறுபது. ஐந்து கிலோவுக்குப் பதிமூன்று ரொட்டி தாராளமாக வந்து, மிச்சமும் இருக்க வேண்டும். அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காலி மூட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

"அண்ணே, உங்ககிட்ட அஞ்சு வருஷம் வேலை செஞ்சிருக்கேன். எனக்கே எடையில கை வைக்கிறீங்களே, நியாயமா?"

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "வா தங்கச்சி. நல்லா இருக்கியான்னு கேக்கலாம்னு வாயெடுத்தேன். நீ திருடன்னு சொல்லிட்டே."

"மூட்டையில ஒரு கிலோ குறையுது."

"மில்லுல தைச்ச மூட்டை அது. நான் என்ன ஊசி வச்சுக்கிட்டு உறிஞ்சறேனா?"

"அப்ப பதிமூணு ரொட்டி எங்கே?"

"எந்த ரொட்டி?"

சொன்னாள். அவர் உள்ளே போய்ப் புது மூட்டை ஒன்றைத் தூக்கி வந்து தராசில் வைத்தார். ஐந்து கிலோ. கூடவே பையின் எடையாக இருபது கிராம். இன்னொன்றை வைத்தார். அதுவும் அப்படியே.

"போதுமா? இன்னும் நாற்பது மூட்டை இருக்கு, எல்லாத்தையும் ஏத்தட்டுமா?"

"அப்ப எங்கேண்ணே போச்சு மாவு?"

"உன் வீட்டுல எலி இருக்கா?"

"இல்லை."

"எப்படி அளக்கறே? செஞ்சு காட்டு."

சில்லறை டின்னும் கப்பும் பத்து வருஷமாக இருந்த இடத்திலேயே இருந்தன. அம்மா கப்பை அமுக்கி அள்ளினாள். கல்லாவின் மேல் வைத்தாள். டக், டக், டக். நிரப்பினாள், வழித்தாள். தராசுத் தட்டில் கொட்டினாள்.

நூற்று ஐம்பத்தொன்று.

"தட்டிட்டியே," என்றார் அவர். "இங்கே இருந்தப்போ தட்டாதே தட்டாதேன்னு தொண்டை கிழியக் கத்தினேனே. இப்ப என்னைப் பாரு." கரண்டியால் மாவைக் கிளறி, கப்பில் மெதுவாகத் தூவி, வழித்து, கொட்டினார். நூற்றுப் பத்தொன்பது. "கப்பு ஒண்ணுதான். மாவுதான் வேற வேற. முழுக்கோதுமை, தவிடு இருக்குல்ல, தட்டத் தட்ட இறங்கிக்கிட்டே போகும். கப்புக்கு முப்பது கிராம் கூட. மூணு கப்புக்குத் தொண்ணூறு. உன் ஒரு கிலோ உன் வீட்டு ரொட்டிக்குள்ளதான் இருக்கு. தின்னுட்டு என்கிட்ட வந்து கேக்கறே."

அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொண்ணூறு கிராம் கூடன்னா, துண்டுக்கு எவ்வளவுண்ணே மாவுச்சத்து கூடும்?"

"அதெல்லாம் எனக்கு என்னம்மா தெரியும்?"

அவளுக்குத் தெரியும். வேறு எந்தக் கணக்கும் அவளுக்கு அவ்வளவு வேகமாக வராது. துண்டுக்கு இருபத்தேழு. இரண்டு துண்டுக்குப் பத்து கிராம் கூட. ஒவ்வொரு வேளையும் ஒரு யூனிட் மருந்து குறைவு. ரொட்டி போட ஆரம்பித்த அன்றிலிருந்து.

"என்ன தங்கச்சி, மூஞ்சி வெளுத்துப் போச்சு? உக்காரு. தண்ணி குடி."

"ஒரு தராசு வேணும்ணே. சின்னதா. கிராம் காட்டறது."

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் சொன்னாள். அத்தை பாதி கேட்டாள்.

"அதுக்கென்ன, இனிமே தட்டாதே."

"அதுக்கென்னவா? அண்ணி, அவ திங்கவே இல்லை. நாமதான் தின்ன வச்சு, நாமளே திருடின்னு சொல்லியிருக்கோம்."

"அவளே நாலுன்னு சொன்னாளே?"

"நாமதான் சொல்ல வச்சோம்."

"சும்மாவா ஒரு பிள்ளை சொல்லும்?" அத்தை அலமாரியைப் பார்த்தாள். "ரெண்டும் இருக்கும். மாவும் இருக்கும், சாக்லேட்டும் இருக்கும்."

கொசு பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். அம்மா அவளைத் தூக்கி மேடையில் உட்கார வைத்தாள். தராசில் பாத்திரத்தை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கினாள். தட்டி ஒரு கப் போட்டுக் காட்டினாள், தூவி ஒரு கப் போட்டுக் காட்டினாள். கடைக்காரர் சொன்னதையெல்லாம் சொன்னாள். கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினாள். கொசு எல்லாவற்றையும் ஒழுங்காகப் பார்த்தாள்.

"புரியுதா? தப்பு அம்மா மேல. நீ ஒண்ணும் திங்கலை."

"தின்னேன்மா."

"இல்லைடி. மாவுதான் காரணம்."

"சரிம்மா."

"என்ன சரி? நீ திங்கலைன்னு சொல்லு."

"திங்கலை," என்றாள் கொசு. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். முகம் இன்னும் மாறவில்லை. "கொஞ்சமாத்தான் தின்னேன்."

"ஏண்டி பொய் சொல்றே?" என்று அம்மா கத்திவிட்டாள். கத்திய பிறகுதான் காதில் விழுந்தது.

கொசு மேடையிலிருந்து இறங்கிக்கொண்டாள். "வீட்டுப்பாடம் இருக்கும்மா."

அன்றைய ரொட்டி முந்நூற்றறுபது கிராமில். தாள் சொன்ன தண்ணீர் சரியாக இருந்தது. ரொட்டி எழும்பி வந்தது; அழுத்தினால் விரல் உள்ளே போய்த் திரும்பி வந்தது. மறுநாள் ஆறு மணிக்கு மீட்டர் நூற்று நாற்பத்தெட்டு காட்டியது. அடுத்த நாள் நூற்று முப்பத்தொன்பது.

"பாத்தியா," என்றாள் அத்தை. "கண்டிச்சு வச்சதும் ஒழுங்காயிட்டா."

"அண்ணி, உங்க கால்ல வேணா விழறேன். அப்படிச் சொல்லாதீங்க."

"நான் அவளைப் பாராட்டறேன்."

ஞாயிற்றுக்கிழமை அம்மா பக்கத்துத் தெருவுக்குப் போனாள். ரெட்டை ஜடையின் அம்மா கதவைப் பாதி திறந்தபடியே நின்றாள்.

"உங்க பொண்ணு மேல தப்பு இல்லை. எங்க வீட்டு அளவுல தப்பு. மன்னிச்சுக்கோங்கன்னு சொல்ல வந்தேன்."

"உங்க பொண்ணுதானே டீச்சர்கிட்ட சொன்னா, இவதான் தினம் குடுக்கறான்னு?"

"நாங்க கேட்டுக் கேட்டு அப்படிச் சொல்லிட்டா."

"அப்ப அவ பொய் சொல்ற பொண்ணு. இவளை எதுக்கு மறுபடி அவ பக்கத்துல உக்கார வைக்கணும்?"

உள்ளே ரெட்டை ஜடை டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் நோட்டைப் புரட்டி, "சபாஷ்!" என்றாள். அம்மா முழுக்கதையும் சொன்னாள். நர்ஸ் பேனாவைத் திறந்தாள். தன்னிடமிருந்த கணக்குத் தாளில் கப் என்று இருந்த இடத்தில் கோடு கிழித்து, எடை போட்டு அளக்கவும் என்று எழுதினாள். "நானும் கேட்டிருக்கணும்," என்றாள். பிறகு கொசுவைப் பார்த்து, "ஸாரி கண்ணு," என்றாள்.

"பரவாயில்லை சிஸ்டர். இனிமே திங்க மாட்டேன்."

நர்ஸ் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

பத்து நாள் நன்றாகப் போனது. பதினோராம் நாள் கொசுவுக்குச் சளி பிடித்தது. மூக்கு ஒழுகியது, உடம்பு லேசாகச் சுட்டது. சாயங்காலம் விரலில் குத்தினார்கள். மீட்டர் கத்தியது. கொசு அம்மாவுக்கு முன்னால் தலையை நீட்டி எண்ணைப் படித்துவிட்டாள்.

"இருநூத்தி முப்பத்தொண்ணு."

"சளி பிடிச்சா ஏறும் கண்ணு. சிஸ்டர் அப்பவே சொல்லியிருக்காங்க. பயப்படாதே."

"மூணு சாக்லேட்மா."

"கொசு, வேண்டாம்."

"ரெண்டு?"

"நீ ஒண்ணும் திங்கலைடி தங்கம். எனக்குத் தெரியும். அம்மா நம்பறேன்."

கொசு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அம்மா நிஜமாகவே நம்புகிறாளா, இல்லை சரியான எண்ணுக்காகக் காத்திருக்கிறாளா என்று அந்த முகத்தில் தேடினாள். கண்டுபிடிக்க முடியவில்லை போலிருக்கிறது.

"அப்ப நீயே சொல்லும்மா," என்றாள். "எத்தனைன்னு சொல்லணும்?"